பெட்டிக்குக் காய்ச்சல்

கலைச்செல்வி தொட்டுத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பது இரண்டு பேருக்குத்தான். ஒன்று மகள் செண்பகவல்லி, எட்டு வயது. இன்னொன்று அறை மூலையில் பலகை மேல் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர், அதன் வயது யாருக்கும் தெரியாது. மகளுக்கு வருஷத்தில் ஒருமுறை காய்ச்சல் வந்தால் அதிகம். கம்ப்யூட்டருக்கு அந்தக் கோடையில் தினமும் மத்தியானம் வந்தது.

வீடு தாராவியில், ஒரு பட்டறைக்கு மேலே. ஒரே அறை. மேலே தகர ஷீட், அதற்குக் கீழே தெர்மாகோல் ஒட்டியிருந்தார்கள், மே மாதத்துக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தெருவிலிருந்து செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணியில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். கீழே இனாயத்துல்லா பாயின் பை பட்டறை. மேலப்பாளையத்துக்காரர், இரண்டு தலைமுறையாகப் பம்பாய். கலைச்செல்வி வாடகைக்கு இருக்கும் மேல் அறைக்குச் சொந்தக்காரரும் அவர்தான். பள்ளிக்கூடப் பைகள் தைப்பார்கள். ரெக்சினையும் ஃபோமையும் ஒட்டுவதற்கு சொல்யூஷன் என்று ஒரு பசை உண்டு. தகர டிரம்மில் வரும். மூடியைத் திறந்தால் மேல் அறையில் இருப்பவர்களுக்கு மூக்கு எரியும். அது எப்படித் தீப்பிடிக்கும் என்று கலைச்செல்விக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்று சந்து தள்ளி ஒரு பட்டறையில் மின்சாரக் கோளாறால் பிடித்த தீயில் அப்படி ஒரு டிரம் வெடித்ததை அவளே பார்த்திருக்கிறாள். மறுநாள் அந்த இடத்தில் கறுத்துக் கிடந்த தையல் மெஷின்களையும் பார்த்தாள். பார்க்காமல் வந்திருக்கலாம். பயந்தவர்களுக்குத்தான் போய்ப் பார்க்கும் ஆசையும் அதிகம்.

பயம் அவளுக்குப் பிறவியிலேயே வந்த சொத்து. மாட்டுங்கா மார்க்கெட்டுக்குக் கிளம்பி, காஸ் சிலிண்டரை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்தவள். மூடித்தான் இருந்தது. மறுபடி கிளம்பி, பூட்டைப் பூட்டினோமா என்று இன்னொரு தடவை திரும்பினாள். புருஷன் வானமாமலை அதற்கு நேர் எதிர். ஐரோலியில் ஒரு கம்பெனி கேண்டீனில் வேலை. எதற்கும் பதற மாட்டான். நீங்கள் பயந்தே நான் பார்த்ததில்லையே என்று ஒருமுறை அவள் கேட்டதற்கு, "எனக்கும் சேத்து நீதான் பயந்துக்கிடுதியே" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து கல்யாணம் செய்துகொண்டு வந்த புதிதில் அவள் எம்ப்ராய்டரி கடைகளுக்கு நூல் வெட்டிக் கொடுத்தாள். தைத்துவந்த துணியின் பின்பக்கம் தொங்கும் நூலையெல்லாம் நறுக்குகிற வேலை. தாகா கட்டிங் என்பார்கள். துணி வாங்கப் போகிற இடத்தில் ஒருவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பூவும் மயிலும் போடுவான். எந்த இடத்தில் ஊசி இறங்க வேண்டும், எந்தப் பக்கம் நூல் திரும்ப வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகச் சொல்லிக் கொடுத்தால் எம்ப்ராய்டரி மெஷின் அதே மாதிரி தைக்கும். அந்த வேலைக்குப் பஞ்சிங் என்று பேர். துணிக்கட்டு வரும்வரை கலைச்செல்வி அவன் பின்னால் நின்று பார்த்தாள். தினமும் நின்றாள். எரிச்சல் தாங்காமல் அவன் ஒருநாள் எழுந்து, நீயே போடு பார்ப்போம் என்று நாற்காலியைக் காட்டினான். அவள் உட்கார்ந்து ஒரு மாங்காய்ப் புட்டா போட்டாள். மெஷினில் தைத்துப் பார்த்தபோது பின்பக்கம் நூல் தொங்கவே இல்லை. நூல் வெட்டியே நொந்தவள் போட்ட டிசைன் வேறு எப்படி இருக்கும்?

ஐரோலிக் கம்பெனி பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக் கட்டியபோது வானமாமலை ஒன்றை வாங்கிவந்தான். லோக்கல் ரயிலில் ஸீட் கிடைத்து அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன், பக்கத்திலிருந்த குஜராத்திக் கிழவர் அதன் மேல் சாய்ந்து தூங்கியதைப் பெருமையாகச் சொன்னான். அன்று முதல் நான்கு வருஷமாகக் கலைச்செல்வி வீட்டிலிருந்தபடியே பஞ்சிங் செய்கிறாள். பிளவுஸ் கை, சுடிதார் கழுத்து, பள்ளிக்கூடச் சின்னம், போலீஸ் தொப்பிச் சிங்கம். கடைக்காரர்கள் அவளை டிசைன்காரி என்ற அர்த்தத்தில் டிசைன்வாலி என்று கூப்பிட்டபோது முதலில் வெட்கப்பட்டாள், பிறகு அதுவே போனில் அவள் பெயராயிற்று.

பெட்டி முதல் தடவை தானாக அணைந்தது மார்ச் மாதம், ஒரு மயிலின் தோகையை முடிக்கும் நேரத்தில். திரை கறுத்துவிட்டது. தொட்டுப் பார்த்தாள், மேல்தகடு சுட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காதது போல் விழித்தது. மறுநாள் மறுபடி அணைந்தது. தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் ஷாகிரைக் கூப்பிட்டாள். அவன் வந்து, உள்ளே எவ்வளவு சூடு என்று காட்டும் ஒரு எண்ணைத் திரையின் மூலையில் வரும்படி செய்தான். எண்பது தாண்டினால் கவனி, தொண்ணூறு தாண்டினால் நிறுத்து என்றான். பெட்டியைக் கடைக்குக் கொண்டுவா, பிரித்து ஊதிச் சுத்தம் செய்தால் சரியாகும் என்றும் சொன்னான். சொன்னது ரொம்பச் சாதாரணமான விஷயம். அதைத்தான் அவளால் செய்ய முடியவில்லை.

காரணம் இனாயத்துல்லா பாய். மூன்று சந்து தள்ளித் தீப்பிடித்ததிலிருந்து அவர் மேலே அண்ணாந்து பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அந்தப் பெட்டி இன்னும் ஓடுகிறதா, வயரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று வானமாமலையிடம் விசாரிப்பார். ஒருநாள் ஏணியடியில் கலைச்செல்வியையே நிறுத்தி, "அந்தப் பொட்டியில என்னைக்காவது பொகை கண்டுச்சுன்னா, மறுநாளே நீங்க வேற ரூம் பாத்துக்கிடணும்மா" என்று சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் பயமாக இருந்தது. இந்த வாடகைக்கு தாராவியில் இன்னொரு அறை கிடையாது. சுனாபட்டியிலும் கிடையாது. டோம்பிவிலிக்குப் போனால் கடைக்காரர்கள் யாரும் அவ்வளவு தூரம் மாதிரித் துணி கொண்டுவர மாட்டார்கள். பஞ்சிங் அத்தோடு முடிந்தது. பெட்டியை ஏணி வழியே இறக்கி, பாய் கண்ணெதிரே ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிப்போவதும் நானே வந்து மாட்டிக்கொள்கிறேன் என்று சொல்வதும் ஒன்றுதான். ஷாகிர் வீட்டுக்கே வந்து ஊதுகிறேன் என்றான். அந்த ஊதுகிற மெஷின் போடும் சத்தத்துக்கு பாய் மேலே ஏறி வந்துவிடுவார் என்று அதையும் தள்ளிப் போட்டாள். புருஷனிடமும் முழுசாகச் சொல்லவில்லை. சொன்னால் அவன் பதறாமல் போய்ப் பாயிடமே யோசனை கேட்பான்.

அதனால் தனக்குத் தெரிந்த வைத்தியத்தை எல்லாம் செய்தாள். கரப்பான் உள்ளே போய்த்தான் ஏதோ கடித்திருக்கிறது என்று பழைய கொசுவலையை வெட்டிப் பெட்டியின் பின்பக்க ஓட்டைகள் மேல் கட்டினாள். டேபிள் ஃபேனைத் திருப்பி அதற்கே வைத்தாள். செண்பா வேர்த்து வடிந்தபடி தூங்கினாள். எல்லாவற்றுக்கும் மேலாகச் சாம்பிராணி. டிசைன்வாலி டிசைன்வாலி என்று ஊரே சொன்னால் கண் படாமல் இருக்குமா? சாமி படத்துக்குக் கீழேதான் பெட்டி. செவ்வாயும் வெள்ளியும் தூபக்காலில் கங்கு போட்டு, சாம்பிராணிப் பொடி தூவி, படத்துக்கு ஒரு சுற்று காட்டிவிட்டுப் பெட்டிக்கு மூன்று சுற்று காட்டுவாள். பெட்டிக்குள் சுற்றும் ஃபேன் அந்தப் புகையை ஆசையாக உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுக்கிறதே, ஏற்றுக்கொள்கிறதே என்று அவளுக்கு ஆறுதலாக இருக்கும். சூடு ஏற ஏறச் சாம்பிராணியும் ஏறியது. மே பிறந்ததும் தினமும் போட ஆரம்பித்தாள்.

மூலையிலிருந்த அந்த எண் அவளைப் படுத்தியது கொஞ்சமல்ல. பூ போடுவாள், எண்ணைப் பார்ப்பாள். இலை போடுவாள், எண்ணைப் பார்ப்பாள். எண்பத்தெட்டில் நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அது இறங்கும்வரை தன் மூச்சையும் பிடித்துக்கொள்வாள். கீழே டிரம் மூடியைத் தட்டித் திறக்கும் சத்தம் கேட்டால் கை தானாகச் சுவிட்சை அணைக்கும். பட்டறையில் எட்டுப் பேர். ஒருவருக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்து மேலே வந்து லட்டு கொடுத்துவிட்டுப் போனார். நம் வீட்டு நெருப்பில் அத்தனை பேரும் போய்விட்டால் என்று நினைப்பு ஓடும். உடனே அறையையும் வேலையையும் நினைத்துக்கொண்டு மறுபடி சுவிட்சைப் போடுவாள். இரண்டு பயமும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தால் மனுஷி எந்தப் பக்கம்தான் போவாள்?

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கல்யாண லெஹங்காவின் கரை முடிய வேண்டியிருந்தது. கடைக்காரர் காலையிலிருந்து மூன்று தடவை போன் செய்துவிட்டார். எண் தொண்ணூற்றிரண்டு காட்டியது. இன்னும் ஒரே ஒரு கொடி என்று கலைச்செல்வி கையை எடுக்காமல் இருந்தாள். தொண்ணூற்று நான்கு. அப்போதுதான் வாசனை வந்தது. பிளாஸ்டிக் கருகுகிற வாசனை, கூடவே இனிப்பாக வேறு ஏதோ. சுவிட்சை அணைத்தாள். அணைத்தும் வாசனை போகவில்லை. பெட்டியின் பின்னாலிருந்து, கொசுவலைக்குள் வழி தேடிக்கொண்டு, மெல்லிசாகப் புகை வந்தது.

கீழே யாரோ சிரித்தார்கள். டிரம் மூடி தரையில் உருண்டது. அறை, வாடகை, டோம்பிவிலி எதுவும் அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. வாசலுக்கு ஓடி ஏணியைப் பிடித்துக் குனிந்து, தனக்கு இருப்பதாகத் தெரியாத ஒரு குரலில் கத்தினாள்.

"பாய், எல்லாரும் வெளிய ஓடுங்க. தீ. டிரம்ம வெளிய தள்ளுங்க."

எட்டுப் பேரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். டிரம்களை உருட்டினார்கள். யாரோ மெயினைப் பிடுங்கினார்கள், சந்து முழுக்க ஃபேன் நின்றது. எதிர்வீட்டு ஆட்கள் மணல் வாளியோடு ஏணியில் ஏறினார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் புகை பாதி அடங்கியிருந்தது. பிளக்கையும் பிடுங்கினார்கள், கொஞ்ச நேரத்தில் மீதியும் நின்றது. ஷாகிரும் ஓடிவந்து, சுட்ட பெட்டியைத் துணி சுற்றித் திருப்பி, தகட்டைக் கழற்றினான்.

உள்ளே அவள் பார்த்தது கம்ப்யூட்டர் மாதிரியே இல்லை. ஃபேன் இறக்கைகளில் பழுப்பு நிறத்தில் கம்பளி போல ஏதோ மண்டியிருந்தது. தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. நூல் துகளும் கீழிருந்து ஏறிவந்த ஃபோம் தூளும் சாம்பிராணிப் பிசினில் தோய்ந்து இறுகியிருந்தன. கரண்ட் கொடுக்கிற டப்பாவின் ஃபேன் சுற்றவே முடியாமல் நின்றுபோய், அந்த டப்பாதான் கருகியிருந்தது. ஷாகிர் ஒரு பிசிறை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, இது என்ன, கோயிலா கம்ப்யூட்டரா என்று ஹிந்தியில் கேட்டான். மணல் வாளி கொண்டுவந்தவர்கள் சிரித்தார்கள். கலைச்செல்வி தூபக்காலைப் பார்த்தாள். எதை அணைக்க வேண்டும் என்று இத்தனை நாள் புகை போட்டாளோ, அதைத் தானே ஊதி ஊதி வளர்த்திருக்கிறாள்.

கூட்டம் கலைந்த பிறகு இனாயத்துல்லா பாய் மேலே ஏறி வந்தார். எத்தனையோ வருஷமாக அவர் அந்த அறைக்குள் வந்ததில்லை. மூட்டு வலிக்காரர், வாசலிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார். கலைச்செல்வி தண்ணீர் கொடுத்தாள். இப்போது சொல்லப்போகிறார், மறுநாளே என்று சொன்ன மனிதர், சொல்லட்டும் என்று சுவரோடு ஒட்டி நின்றாள். அவர் தண்ணீரைக் குடித்து முடித்து, அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். எதிர் மூலையில் செண்பா கோரைப்பாயில் சுருண்டு கிடந்தாள். இத்தனை அமளியிலும் அவள் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கேன். எங்களயெல்லாம் ஓடச் சொன்ன. சரி. நீ ஏம்மா எறங்கல?"

இறங்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"புள்ள எங்க இருந்தா?"

கலைச்செல்வி திரும்பி மகளைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் விளங்கியது. கத்தியபோதும், ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும், பிள்ளை பின்னால் தூங்குகிறாள் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. மே மாத லீவு, பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள் என்பதே மறந்துபோயிருந்தது. போய் மகளின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தாள்.

பாய் குரலைத் தாழ்த்திப் பேசினார். "தீ மேல ஏறுத சாமானும்மா. ஒம் பொட்டி எரிஞ்சா நாங்க தெருவுல போயி நிப்போம். எங்க டிரம்மு எரிஞ்சா நீயும் இந்தப் புள்ளயும் எங்க போவிய? ஏணி எங்க வாசல்லல்லா நிக்கி."

அவள் மகளின் நெற்றியில் கை வைத்தாள்.

"காலி பண்ணச் சொன்னது பொட்டிக்காக இல்ல. அந்தச் சந்துல தீப்பிடிச்ச நாளையிலேருந்து ஒவ்வொரு மட்டம் டிரம்மு மூடியத் தொறக்கும்போதும் நான் மேலதான் பாக்கேன். உள்ளதச் சொன்னா பட்டறைய மூடணும். எட்டுக் குடும்பம் சாப்புடுது. அதான் பொட்டி மேல பழியப் போட்டேன்." எனக்கு ராத்திரி தூக்கமே வருவதில்லை என்றும் சொன்னார். பிறகு எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார்.

கலைச்செல்வி அறையைப் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தாள். ஒரு வாசல். அதில் ஒரு ஏணி, அது பட்டறை வாய்க்கு நேர் மேலே. எதிர்ப்பக்கம் பின்சந்தைப் பார்த்து ஒரு ஜன்னல். அதற்குக் கனமான கம்பி. பிள்ளை தவழ ஆரம்பித்தபோது, விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில், வானமாமலையை நச்சரித்து அந்தக் கம்பியைப் போட வைத்தவள் அவள்தான். ஒரு விரற்கடை இடைவெளி கூடக் கூடாது என்று வெல்டரிடம் நின்று பார்த்து வாங்கியவளும் அவள்தான். இத்தனை வருஷம் ராத்திரியும் பகலும் பயந்திருக்கிறாள். அந்தப் பயம் ஒருநாள் கூட இந்த ஜன்னல் பக்கம் வந்ததில்லை.

வானமாமலை வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி மார்ச்சிலிருந்து அணைவதையும் சொன்னாள். அவன் வழக்கம்போலச் சாப்பிட உட்காரவில்லை. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அது அசையவில்லை. அவன் பயந்து அவள் பார்த்தது அன்றுதான்.

இரண்டு நாள் கழித்து வெல்டர் வந்தான். பொறி பறக்கும் என்று பாய் டிரம்களை எல்லாம் முன்கூட்டியே சந்து முனைக்கு உருட்டிக்கொண்டு போய், வேலை முடியும்வரை அவற்றின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கம்பியை அறுத்துக் கீல் வைத்து, கதவு போலத் திறக்கும்படி மாட்டினார்கள். பின்சந்தில் புதிதாக ஓர் இரும்பு ஏணி நிறுத்தினார்கள். டிரம்களை வேறு இடத்தில் வைக்க தாராவி முழுக்கத் தேடுவதாக பாய் சொன்னார். தேடினார், கிடைக்கவில்லை, ஒரு டிரம்முக்கு மேல் பட்டறையில் வைப்பதில்லை என்று மட்டும் நிறுத்திக்கொண்டார். கம்ப்யூட்டருக்குப் புது டப்பா போட்டு ஷாகிர் சுத்தம் செய்து கொடுத்தான். எண் அறுபதைத் தாண்டவில்லை. லெஹங்காக்காரர் இரண்டு நாள் கத்திவிட்டு அடுத்த வேலையையும் அவளிடமே கொடுத்தார்.

ஏணி வைத்த அன்று சாயங்காலமே கலைச்செல்வி மகளை ஜன்னல் வழியாக இறங்கச் சொன்னாள். செண்பாவுக்கு ஒரே கொண்டாட்டம். விறுவிறுவென்று இறங்கி, சந்தைச் சுற்றி ஓடிவந்து, முன்பக்க ஏணியில் ஏறி, மறுபடி ஜன்னலுக்கு வந்தாள். சிநேகிதிகளையும் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். கலைச்செல்வி ஜன்னல் கம்பிக் கதவை அகலத் திறந்து பிடித்தாள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு இறங்கு என்றாள்.

செண்பா கண்ணை மூடி ஒரு காலை வெளியே விட்டாள். படி அகப்படாமல் கால் காற்றில் துழாவியது. அவளுடைய சிரிப்பு நின்றது.

"கண்ண மூடுனா ஏணி தெரியலயேம்மா."

"பொகையில ஒண்ணும் தெரியாது. காலால தேடு."

"நீ கையப் பிடிச்சுக்கோ."

கலைச்செல்வி கையை நீட்டினாள். பிறகு அதைப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

"நான் இல்லன்னு நெனச்சுக்கிட்டு எறங்கு" என்றாள்.